வெறும் கார்டும் கணக்குத்தான்

தாளவாடிப் பக்கம் கரும்பு ஏற்றி, திம்பம் மலை இறங்கி, கீழே ஆலையில் கொட்டிவிட்டு மறுபடி மலை ஏறுவேன். இருபத்திரண்டு வருடம் என் பிழைப்பு அதுதான். 27 கொண்டை ஊசி வளைவும் முழங்காலுக்கு மனப்பாடம். அந்த முழங்கால் தேய்ந்துபோய் லாரியை விட்டேன். அதன் பிறகு, நெடுஞ்சாலைச் சிறுபாலங்களுக்கு அடியில் தானியங்கி கேமரா வைத்து, எந்த விலங்கு எப்போது கடக்கிறது என்று கணக்கெடுக்கும் தன்னார்வலர்களோடு சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. போன இதழில் அதைப் பற்றி இரண்டு பத்தி எழுதினேன். இந்த மாதம் ஆசிரியர் ஒரு கட்டுக் கடிதத்தைக் கையில் திணித்துவிட்டார். பதில் சொல்லத் தெரிந்ததை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

ராத்திரி முழுக்கக் காட்டுக்குள் உட்கார்ந்தா படம் எடுக்கிறீர்கள்? வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா?
– ம.கா., காங்கேயம்

ராத்திரி ஒன்பது மணிக்கு நான் தூங்கிவிடுவேன், அம்மிணி. படம் எடுப்பது பெட்டிதான். செங்கல்லை விடக் கொஞ்சம் சின்னது. முன்பக்கம் சூட்டை உணரும் ஒரு கண் இருக்கிறது. சுற்றியுள்ள தரையின் சூடு ஒன்று, நடந்து வரும் உடம்பின் சூடு வேறொன்று. அந்த வித்தியாசம் கண் முன்னால் நகர்ந்தால் கேமரா கிளிக் செய்யும். ராத்திரியில் மனிதக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை அடிக்கும், படம் கறுப்பு வெள்ளையில் வரும்.

இதில் ஒரு சங்கடம். சித்திரை வெயிலில் பண்ணாரிப் பக்கம் மத்தியானம் தரையும் கொதிக்கும், மானின் முதுகும் கொதிக்கும். வித்தியாசம் தெரியாமல் கேமரா சும்மா இருந்துவிடும். பாம்பு, உடும்பு, ஆமை எல்லாம் தரையின் சூட்டிலேயே இருப்பவை, அவை போனாலும் பெரும்பாலும் தெரியாது. அதனால் "கேமராவில் வரவில்லை, ஆகவே இல்லை" என்று சொல்பவரைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். அப்புறம், விலங்கு குறுக்கே போனால் சட்டென்று பிடிக்கும், நேராகக் கேமராவைப் பார்த்து வந்தால் தாமதமாகும். அதற்காகத்தான் தடத்துக்குச் சாய்வாக, முழங்கால் உயரத்தில் கட்டுகிறோம்.

வீட்டில் சொல்வதெல்லாம் பேட்டரிச் செலவைப் பற்றி மட்டும்தான்.

இதுவரை எத்தனை புலி?
– எஸ்.வி., திருப்பூர்

ஒன்று. அதுவும் வால் மட்டும். படத்தின் இடது ஓரத்தில் வாலின் கடைசி ஒரு முழம், நுனி மேலே வளைந்திருக்கிறது. எங்கள் பாலத்தடியில் அதிகம் வரும் விலங்கு எது தெரியுமா? வெள்ளாடு. அடுத்தது நாய். பிறகு முயல், முள்ளம்பன்றி, மரநாய், காட்டுப்பன்றி, கடமான்.

ஏமாற்றமாக இருக்கிறதா? 2018-ஆம் ஆண்டு அகில இந்தியப் புலிக் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள், கின்னஸ் சாதனை அது. மொத்தம் 3 கோடியே 48 லட்சம் படங்கள். அதில் புலி இருந்தது 76,651 படங்களில். புலியைத் தேடி வைத்த கேமராவிலேயே அவ்வளவுதான். நாங்கள் வைப்பது சாக்கடை மாதிரி இருக்கும் சிறுபாலத்துக்கு அடியில்.

செத்துக் கிடக்கும் விலங்குகளை எண்ணினாலே எந்த இடம் ஆபத்து என்று தெரிந்துவிடுமே. கேமரா எதற்கு?
– த.ரா., ஈரோடு (ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளை)

ஐயா, கணக்குத் தெரிந்தவர் கேள்வி. நானும் முதலில் இப்படித்தான் கேட்டேன்.

செத்ததை எண்ணுவதில் இரண்டு ஓட்டை. ஒன்று, விடிவதற்குள் நாயும் காக்காயும் சுத்தம் செய்துவிடும். அடிபட்டு, நொண்டிக்கொண்டே புதருக்குள் போய்ச் சாவது யார் கண்ணிலும் படாது. நான் லாரி ஓட்டிய காலத்தில், மழை ராத்திரி ஒன்றில், பதினொரு மணி இருக்கும், பம்பரில் ஏதோ தட்டியது. கிளீனர் இறங்கிப் பார்த்தான். ரத்தம் இருந்தது, உடம்பு இல்லை. "போயிருச்சுங்கண்ணா" என்றான். நானும் கியரைப் போட்டுக் கிளம்பிவிட்டேன். அது எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இரண்டாவது ஓட்டை பெரியது. சாலையைப் பார்த்துப் பயந்து திரும்பிப் போகும் விலங்கு பிணமாகக் கிடப்பதில்லை. அதை எப்படி எண்ணுவீர்கள்?

மூன்று வருடத்துக்கு முன்னால் ஐப்பசியில் ஒரு பெண் கடமான் வந்தது. வலது காதில் கடித்து எடுத்தது மாதிரி ஒரு பிளவு, அதனால் அதே மான்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். ராத்திரி 1:12-க்குப் பாலத்தின் வாயில் நிற்கிறது. முன்னங்கால் ஒன்று தூக்கியபடி. 1:19-க்கு மேட்டில் ஏறி, சாலை ஓரத்துக்குப் போயிருக்கிறது, பின்பாதி மட்டும் படத்தில். 1:21-க்குக் கீழே இறங்கிவிட்டது. படத்தின் மேல் மூலை முழுக்க வெள்ளை, வண்டி விளக்கு. 1:47-க்கு மறுபடி பாலத்து வாய், காது இரண்டும் பின்னால் மடங்கியிருக்கிறது. 1:53-க்குக் கடைசிப் படம், வந்த வழியே போகிறது. அந்தப் பக்கம் பள்ளத்தில் தண்ணீர் இருந்தது, இந்தப் பக்கம் இல்லை.

எங்கள் அட்டவணையில் ஒரு விதி உண்டு. அதே இனம் அரை மணிக்குள் மறுபடி வந்தால் ஒரே வரவாக எழுத வேண்டும். அப்படி எழுதினால் அந்த ராத்திரி "கடமான் – 1" என்று முடிந்துவிடும். படிப்பவர் என்ன நினைப்பார்? ஒரு மான் பாலத்தைக் கடந்தது, பாலம் நன்றாக வேலை செய்கிறது என்று நினைப்பார். அன்றைக்குத்தான் சண்டை போட்டு இன்னொரு கட்டம் சேர்க்க வைத்தேன்: "கடந்தது / திரும்பியது". உலகத்தில் நாம் மட்டும் கண்டுபிடித்தது இல்லை இது. பாலக் கணக்கு எடுப்பவர்கள் பல ஊரில் இப்படித்தான் எழுதுகிறார்கள் என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் என் யோசனை என்று நான் சொல்லிக்கொள்வேன்.

கேமராவுக்கு மோசமான எதிரி யார்? மனிதன் என்று எழுதிவிடாதீர்கள், எதிர்பார்த்ததுதான்.
– பா.ஜெ., பொள்ளாச்சி

சரி, எறும்பு.

விளையாட்டில்லை. மழைக்கு முன்னால் சின்னக் கறுப்பு எறும்பு உலர்ந்த இடம் தேடும். பேட்டரி அறையை விட நல்ல வீடு அதற்குக் கிடைக்காது. ஒரு தடவை மூடியைத் திறந்தேன். எட்டுப் பேட்டரிக்கும் நடுவில் நொய்யரிசி கொட்டியது மாதிரி வெள்ளை முட்டை. ஒவ்வொரு எறும்பும் ஒரு முட்டையை வாயில் கவ்விக்கொண்டு என் விரல் மேலேயே ஓடுகிறது. காலி செய்ய ஒரு மணி நேரம். இப்போது மூடி விளிம்பில் வேப்பெண்ணெய் தடவுகிறோம். கண்ணாடியில் படாமல் தடவ வேண்டும்.

இரண்டாவது எதிரி புல். பாலத்து வாயில் ஒரே ஒரு கோரைத் தாள் மிச்சம் விட்டுவந்தேன். ஆடி மாதம். காற்றில் அது ஆடிய ஆட்டத்தில் நான்காயிரத்துச் சொச்சம் படம். படம் பதியும் மெமரி கார்டு மூன்றாம் நாளே நிரம்பிவிட்டது. அதிலிருந்து அரிவாள் இல்லாமல் நான் போவதில்லை.

மூன்றாவது குரங்கு. லென்ஸில் தன் முகம் தெரிகிறதோ என்னவோ, நாக்கால் நக்கிவிட்டுப் போகும். பிறகு பத்து நாளைக்கு எல்லா விலங்கும் பனிமூட்டத்தில் நடக்கும்.

யானை எதிரி என்று சொல்ல மாட்டேன், அதற்கு ஆர்வம். ஒரு வரிசை இருக்கிறது: முதல் படத்தில் தூரத்தில் கால்கள். இரண்டாவதில் தும்பிக்கை. மூன்றாவதில் தும்பிக்கை நுனி மட்டும், இரண்டு துளையும் ஈரமாக, சுற்றிலும் முள் மாதிரி முடி, நுனியில் விரல் மாதிரி ஒரு சதை. நான்காவது முழுக் கறுப்பு. ஐந்தாவது வானம். ஆறாவதிலிருந்து பேட்டரி தீரும் வரை வானம்தான். இரும்புப் பெட்டி, சங்கிலி, பூட்டு எல்லாம் இருந்தது. கட்டியிருந்த மரமே சாய்ந்து கிடந்தது.

எங்கள் தோட்டம் காட்டை ஒட்டி இருக்கிறது. நானே ஒரு கேமரா வாங்கி மாட்டலாமா? வேலிக்கு வெளியேயும் வைக்கலாமா?
– கி.சு., அன்னூர்

உங்கள் பட்டா நிலத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள். வேலிக்கு வெளியே காப்புக்காடு என்றால் வனத்துறையின் எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கவே கூடாது, கேமரா பிறகு. புலிகள் காப்பகத்துக்குள் நாங்கள் போவதெல்லாம் அவர்கள் கூப்பிட்டால்தான், அவர்கள் ஆள் கூட வந்தால்தான்.

இன்னொன்று யாரும் சொல்லாதது. கேமரா பக்கத்துத் தோட்டத்து வழியைப் பார்த்தபடி இருக்கக் கூடாது. விறகுக்கும் ஒதுங்குவதற்கும் பெண்கள் போகிற இடம். எங்கள் குழுவில் மனிதர் விழுந்த படம் அன்றைக்கே அழிக்கப்படும், யாருக்கும் காட்டுவதில்லை. அழிப்பது எங்கள் கூட இருக்கும் இரண்டு பெண்கள்தான், ஆண்கள் அந்தக் கார்டைத் திறப்பதே அவர்கள் பார்த்த பிறகு. இதை ஏற்றுக்கொள்ளாத ஒரு பையனை முதல் வாரமே அனுப்பிவிட்டோம்.

சிறுத்தை விழுந்தால் வாட்ஸ்அப்பில் போடாதீர்கள். வனத்துறைக்குச் சொல்லுங்கள், கோழிக்கூண்டை இறுக்கி அடையுங்கள், ராத்திரி நாயைச் சங்கிலியில் கட்டிப் போடாதீர்கள்.

நீங்களே கரும்பு லாரி ஓட்டியவர். யானைக்குக் கரும்பு போட்டதுண்டா? உண்மையைச் சொல்லுங்கள்.
– பெயர் வேண்டாம், சத்தியமங்கலம்

கடிதத்தின் கையெழுத்தைப் பார்த்தால் நீ யார் என்று தெரிகிறது தம்பி.

போட்டேன். ஆசனூருக்கும் காரப்பள்ளத்துக்கும் நடுவில் நிற்கும். ஒரு கட்டு இழுத்துப் போட்டால் வழி விடும், சுங்கம் மாதிரி. புண்ணியம் என்றும் நினைத்தேன். இப்படி ஆளாளுக்குப் போட்டுத்தான் லாரி என்றால் கரும்பு என்று அதற்குப் பழக்கினோம். இப்போது லோடு இல்லாத வண்டியையும் மறித்துத் தேடுகிறது. அதில் என் பங்கு உண்டு.

திம்பத்தில் ராத்திரி வண்டி ஓடக் கூடாது என்பது நியாயமா? டிரைவர் பக்கம் பேசுவீர்களா, மான் பக்கமா?
– ஆர்.எம்., பவானி

2019-இல் ஆட்சியர் உத்தரவாக வந்து, நடைமுறைக்கு வராமல் கிடந்தது. 2022 பிப்ரவரியில் உயர் நீதிமன்றம் சொன்ன பிறகுதான் பண்ணாரியில் ராத்திரி கேட் விழுந்தது. நான் அப்போது வண்டியில் இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன். என் அக்கா மகன் தாளவாடியிலிருந்து தக்காளியும் முட்டைக்கோசும் ஏற்றுகிறான். முன்பெல்லாம் சாயங்காலம் பறித்ததை விடிவதற்குள் மார்க்கெட்டில் இறக்குவான். இப்போது நேரம் தப்பினால் விலை போய்விடுகிறது. அவன் வயிற்றெரிச்சல் பொய் இல்லை.

ஆனால் அந்த மலையில் ராத்திரி ஓட்டிய எவனையாவது தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். வளைவில் விளக்கு திரும்பும்போது எதிரே கண் இரண்டு மின்னும். பின்னால் பதினெட்டு டன். பிரேக்கை அமுக்கினால் நான் போவேன், அமுக்காவிட்டால் அது போகும். தேர்ந்தெடுக்க அரை நொடி. ராத்திரி அந்தக் கேட் விழுவது டிரைவரை அந்த அரை நொடியிலிருந்து காப்பாற்றுகிறது என்பது என் கட்சி. காய்கறி வண்டிக்கு நேரம் ஒதுக்குவது பற்றிப் பேசலாம், பேச வேண்டும்.

வெளிநாட்டில் விலங்குகளுக்கென்றே மேம்பாலம் கட்டுகிறார்களாமே. இங்கே நடக்கிற காரியமா?
– ஜெ.ந., கோயம்புத்தூர்

கனடாவில் பான்ஃப் தேசியப் பூங்கா வழியே போகும் நெடுஞ்சாலையில் மேலே 6, கீழே 38 கடவுகள் கட்டினார்கள். சாலை நெடுக வேலியும் போட்டார்கள். மோதல் 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. வேலியைக் கவனியுங்கள், பாலத்தை மட்டும் கட்டிவிட்டு வேலி போடாமல் விட்டால் விலங்கு பழைய இடத்திலேயேதான் குதிக்கும். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து ஸ்னோக்வால்மி கணவாயில், ஐ-90 நெடுஞ்சாலை ஓரம் எங்களை மாதிரி தன்னார்வலர்கள்தான் கார்டு மாற்றுகிறார்கள், பனி பெய்தால் காலடித் தடமும் எண்ணுகிறார்கள். எங்களுக்குப் பனி இல்லை, புழுதி இருக்கிறது. தடம் அதில் நன்றாகவே விழுகிறது.

வெளிநாடு எதற்கு? பெஞ்ச் புலிகள் காப்பகத்தின் வழியே போகும் 44-ஆம் எண் நெடுஞ்சாலையில், சாலையைத் தூக்கி அடியில் விலங்குக்கு வழி விட்ட இடங்கள் 9. அதில் மிக நீளமானது 750 மீட்டர். 2019-இல் அங்கே கேமரா வைத்துப் பார்த்தார்கள். 18 வகை விலங்கு கடந்தது, 11 தனித்தனிப் புலிகள் 89 தடவை போயிருக்கின்றன. வரியை வைத்து ஒவ்வொரு புலியையும் அடையாளம் சொல்லலாம், நம் கைரேகை மாதிரி.

நம் ஊரிலும் இருக்கிறது. நவக்கரை அருகே 2021 நவம்பரில் ஒரே ராத்திரி ரயில் மோதி மூன்று யானைகள் செத்தன, நினைவிருக்கும். பிறகு மதுக்கரைப் பக்கம் ரயில் பாதைக்கு அடியில் யானைக்கு வழி விட்டார்கள். 2024 பிப்ரவரியிலிருந்து 12 கோபுரங்களில் 24 கேமரா பாதையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. யானை நெருங்கினால் உடனே தகவல் போகும், ரயில் மெதுவாக வரும். வால்பாறையில் சிங்கவால் குரங்குக்காகச் சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலம் கட்டியிருக்கிறார்கள், அடுத்த தடவை போனால் அண்ணாந்து பாருங்கள். ஆகவே நடக்கிற காரியம்தான். எங்கே கட்ட வேண்டும் என்று கேட்டால் எடுத்து நீட்டப் பல வருடத்துக் கணக்கு வேண்டும். நாங்கள் எழுதுவது அந்த நோட்டு.

உங்கள் பாலம் சரியாக எந்தக் கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில்? குடும்பத்தோடு வந்து பார்க்க ஆசை.
– டி.கே., தாராபுரம்

மன்னிக்கவும், சொல்ல மாட்டேன். உங்களுக்கு மறைக்கவில்லை. இதே பக்கத்தைச் சுருக்குக் கம்பி வைப்பவனும் படிப்பான். அலுங்கு, அதாவது எறும்புதின்னி, ஒன்று மாதம் இரண்டு தடவை அந்த வழியாகப் போகிறது.

கேமராவைத் திறந்தால் ஒன்றுமே இல்லாவிட்டால் வருத்தமாக இருக்காதா? அந்த மாதத்தை என்ன செய்வீர்கள்?
– வெ.லி., கரூர்

நல்ல கேள்வி. இதற்குத்தான் இத்தனை நேரம் காத்திருந்தேன்.

ஒன்றும் இல்லை என்பதில் இரண்டு வகை உண்டு. கேமரா முப்பது ராத்திரியும் விழித்திருந்தது, யாரும் வரவில்லை. இது ஒன்று. கேமரா மூன்றாம் நாளே செத்துவிட்டது. இது வேறு. பார்க்க இரண்டும் ஒரே வெறும் கார்டுதான். முதலாவதைப் பூஜ்யம் என்று எழுத வேண்டும், இரண்டாவதைக் கோடு போட்டு விட வேண்டும். நான்கு கேமரா முப்பது ராத்திரி என்றால் 120 கேமரா ராத்திரி. ஒன்று பன்னிரண்டு நாள் தூங்கியிருந்தால் 108. இதை மறைத்தால் மொத்தக் கணக்கும் பொய். அதற்காகவே, வைத்ததும் எடுக்கும்போதும் கேமரா முன்னால் நானே தேதி எழுதிய சிலேட்டோடு குறுக்கே நடந்து ஒரு படம் விழ வைப்பேன். கடைசிப் படத்தில் என் தொந்தி இருந்தால் கேமரா உயிரோடு இருந்தது என்று அர்த்தம்.

இதையெல்லாம் பெரிய ஆள் மாதிரி சொல்கிறேனே, முதல் வருடம் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். புது கேமராவில் மணி வைக்கும்போது காலை, மாலையை மாற்றிவிட்டேன். இரண்டு மாதக் கார்டைக் கணினியில் போட்டால், முள்ளம்பன்றி பட்டப்பகல் பன்னிரண்டரைக்கு உலாவுகிறது, வெள்ளாடு நடுராத்திரி மேய்கிறது. கூட இருந்த கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரே பரபரப்பு, புதுக் கண்டுபிடிப்பு என்று. நான் படத்தைப் பார்த்தேன். நடுராத்திரி என்று எழுதியிருக்கும் படத்தில் ஆட்டுக்குக் கீழே நிழல். எல்லாவற்றுக்கும் பன்னிரண்டு மணி நேரம் கூட்டிச் சரி செய்தோம். அந்தத் திருத்தத்தையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம், அழிக்கவில்லை.

நான் பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. உங்களோடு சேரலாமா? என்ன தெரிந்திருக்க வேண்டும்?
– ச.தீ., கோபிசெட்டிபாளையம்

வா கண்ணு. முக்கால்வாசி வேலை காட்டில் இல்லை, நாற்காலியில். காலிப் படங்களைத் தள்ளிவிட இப்போது மெகாடிடெக்டர் மாதிரி கணினி நிரல் இருக்கிறது. விலங்கு, மனிதர், வண்டி என்று பிரித்துத் தரும். ஆனால் அது விலங்கு என்று சொன்னதை மரநாயா புனுகுப்பூனையா என்று பார்ப்பதும், காலி என்று தள்ளியதில் நூற்றுக்குப் பத்தைத் திரும்பப் பார்ப்பதும் நம் கண்தான். அந்தப் புலி வால் அப்படித் திரும்பப் பார்த்தபோது கிடைத்தது.

ஞாயிறு காலை ஆறரைக்கு வேலை தொடங்கும். முழுக்கால் பேன்ட், மூடிய செருப்பு. சென்ட் போட்டுக்கொண்டு வராதே, பாலத்தடியில் அந்த வாசனை நாள் கணக்கில் நிற்கும். முதல் மூன்று மாதம் புல் வெட்டத்தான் சொல்வேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. சாப்பாட்டுப் பொட்டலத்தை வண்டி மேல் வைக்காமல் பைக்குள்ளேயே வைத்துக்கொள். நக்கிவிட்டுப் போகும் ஆள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது.